பதிவேட்டில் அது குளவி

நாள் 203. 06:10

இதைக் கண்டெடுக்கப்போகும் புண்ணியவானே, புண்ணியவதியே, அல்லது எட்டுக்கால் வேற்றுலகவாசியே! இனி வரும் பக்கங்களில் உள்ள எதையும் நீ நம்பப்போவதில்லை. எம் தலையில் மிச்சமிருக்கும் பதினேழு முடிகளின் மீது சத்தியமாகச் சொல்கிறோம், நம்ப மாட்டாய். நம்பினால் உனக்குத்தான் ஏதோ கோளாறு.

நாம் யாரென்றால், செவ்வாயைச் சுற்றும் விதைக்கூடத்தின் ஏக ஆளுநர், பதினெட்டுப் பாத்திகளின் சக்கரவர்த்தி, ஆறுகால் சேனையின் தளபதி, சங்கரபாண்டியன். ஊழியர் பட்டியலில் 'மகரந்தப் பொறுப்பாளர், ஒருவர்' என்று மொட்டையாகப் போட்டிருப்பார்கள். கண்டுகொள்ளாதே.

வழக்கமான விவரம். கூடத்தின் சுழற்சி சீர். வெப்பம் 27. ஈரப்பதம் 68. தண்ணீர்த் தொட்டிப் பக்கம் குளிர் அதிகம் என்பதால் வெந்நீர்க் குழாயை அந்த வழியாகத் திருப்பிவிட்டோம். பூத்த பாத்திகள் பதினொன்று. சேனை பலம் நாற்பது லட்சம். எண்ணினால் நாலாயிரம் வரும். எண்ணுவதற்கு எம்மைத் தவிர இங்கே யார் இருக்கிறார்கள்?

கீழே இருக்கும் ஊரின் பெயர் தேரி. சிவப்பு மணலைப் பார்த்ததும் முதலில் இறங்கிய திருச்செந்தூர்ப் பக்கத்து ஆட்கள் வைத்த பெயர். ஜனத்தொகை இருநூற்றுப் பன்னிரண்டு. அந்த மண்ணில் நெல்லும் கம்பும் நிற்கவில்லை. கேரட், வெங்காயம், முள்ளங்கி, கடுகு, இந்த நாலும்தான் நின்றன. அதிலும் புழுதி மறைத்த வெயிலில் இலையும் கிழங்கும் வளருமே தவிர விதை கட்டாது. விதை இங்கிருந்து இறங்க வேண்டும். புயல் காலம் தொடங்குவதற்குள் இருநூறு கிலோ. இறங்காவிட்டால் அடுத்த விதைப்பு இல்லை. பூமியிலிருந்து அடுத்த கப்பல் வர இரண்டு வருஷம் ஆகும்.

ஆகவே தேரியின் சோற்றுத்தட்டு எம் வீரர்களின் முதுகில் இருக்கிறது. வீரர்களுக்கு மஞ்சளும் கறுப்புமாகப் பட்டை. பார்த்தால் அசல் குளவி. ஆனால் கொடுக்கு கிடையாது, கடிக்கத் தெரியாது. பூவுக்கு முன்னால் ஆணியடித்து மாட்டிய மாதிரி காற்றில் அப்படியே நிற்கும். அது ஓர் ஈ. மிதவை ஈ. பறவைகள் பயந்து ஒதுங்கட்டும் என்று குளவி வேஷம் கட்டித் திரிகிற பரம சாது. தேன் குடிக்கும், உடம்பெல்லாம் மகரந்தத்தை அப்பிக்கொள்ளும், அடுத்த பூவில் உதறும். அதன் புழு, செடியின் சாற்றை உறிஞ்சும் அசுவினிப் பேனைத் தின்று பாத்தியைக் காக்கும்.

இந்த உத்தமனின் பெயரைத் தேரிக் கமிட்டியின் சுகாதாரப் படிவத்தில் உள்ளபடி எழுதினோம்: 'பூச்சியின் பெயர்: ஈ.' திருப்பி அனுப்பினார்கள். சாப்பாட்டு விதை விளையும் இடத்தில் ஈயா? மூன்று தடவை எழுதினோம். மூன்று தடவையும் திரும்பி வந்தது. நாலாவது தடவை 'குளவி' என்று எழுதினோம். அன்றைக்கே கையெழுத்து. ஈ என்றால் மூக்கைப் பொத்துகிற ஜனம் குளவி என்றால் கும்பிடுகிறது. அன்று முதல் பதிவேட்டில் அது குளவி. ஈயின் வேஷத்துக்கு முத்திரை குத்திக் கொடுத்த மகான் என்று வரலாறு எம்மைப் பாடட்டும்.

நாள் 207. 07:30

ஒலிப்பதிவு. தேரி வானொலி அறையிலிருந்து உச்சிமாகாளி. எம் அக்காள் மகள் வடிவின் புருஷன்.

"என்ன மாமா, இன்னைக்கு எத்தன லட்சம்?"

"நாப்பது லட்சத்து எட்டு மாப்ள. எட்டு இப்பத்தான் பொறந்துது."

"பத்தால வகுத்து எழுதிக்கிடுதேன்."

"ஏன்டே?"

"நீங்க எதச் சொன்னாலும் பத்தால வகுக்கணும்னு கமிட்டியிலயே பேசிட்டாவ. போன மாசம் முள்ளங்கி ஆள் உசரம்னு சொன்னீயளே."

"நான் படுத்திருக்கும்போது அளந்தது."

"சரி, கேளுங்க. வடிவுக்கு நாலு மாசம் தாண்டியாச்சு. எல்லாம் நல்லா இருக்குன்னு டாக்டரம்மா சொல்லிட்டாவ."

முந்தைய இரண்டும் மூன்றாம் மாதத்தைத் தாண்டவில்லை. ஆளுநர் எழுந்து போய் ஒரு குவளை தண்ணீர் குடித்தார். கூடத்தின் காற்று வறட்சி என்று குறித்துக்கொள்ளவும்.

"இன்னொண்ணு மாமா. குளிர்ப்பெட்டியில 'குளவி, மாற்று இருப்பு'ன்னு ஒரு டப்பா கெடக்கு. இடத்த அடைக்குன்னு முணுமுணுக்காவ."

"நாப்பது லட்சம் வச்சிருக்கவனுக்கு அந்த டப்பா எதுக்குடே? மீனுக்குப் போடச் சொல்லு!"

அவன் சிரித்தான். நாமும் சிரித்தோம்.

நாள் 219. 06:05

ஆறாம் பாத்தி, கடுகு. வீரன் ஒருவன் காற்றில் நிற்கவில்லை. பூவைத் திரும்பிப் பார்க்காமல் நேராகத் தண்ணீர் வாய்க்காலுக்குப் போனான். ஈரமண்ணை உருட்டி எடுத்துக்கொண்டு தொட்டிப் பக்கம் பறந்தான். இடுப்பு நூல் மாதிரி இருந்தது. எம் வீரர்களுக்கு இடுப்பே கிடையாது, தளபதியைப் போலவே.

படமெடுத்துப் பெரிதாக்கினோம். இறக்கை நாலு. ஈக்கு இரண்டுதான்.

அசல் குளவி.

வந்தது எப்படி? ஆராய்ந்து அறிவிக்கிறோம்: வால்நட்சத்திரம் ஒன்றின் வாலைப் பிடித்துத் தொங்கியபடி வந்து, கூடத்தின் அருகே கை நழுவி விழுந்திருக்கிறது. வேறு வழியே இல்லை.

நாள் 224. 14:40

தொட்டிக்குப் பின்னால், குழாயின் வெதுவெதுப்பில், பாத்திக் கரிசலில் கட்டிய புதுக் கூடு. பதினோரு அறைகள். ஒன்றை மட்டும் ஊசியால் திறந்து பார்த்தோம். உள்ளே பத்தொன்பது வீரர்கள். செத்திருந்தால் தேவலை. கொட்டி மயக்கி அடுக்கியிருந்தது. கால்கள் துடித்துக்கொண்டிருந்தன. நடுவில் ஒரு வெள்ளைப் புழு, முதல் ஆளைப் பாதி தின்ற நிலையில்.

பறவைகளை ஏமாற்றக் கட்டிய வேஷம். வேஷத்துக்குச் சொந்தக்காரனே வந்து தூக்கிக்கொண்டு போகிறான். தன் ஜாடையில் இருக்கிறதே என்று ஒரு நிமிஷம் தயங்குவான் என்று நினைத்தோம். தயங்கவில்லை.

இன்று நிஜமாகவே எண்ணினோம். வீரர்கள் இரண்டாயிரத்து எண்ணூறு. குளவிகள் குறைந்தது ஏழு. இவை சூரியனிலிருந்து தெறித்து வந்தவை என்பது இப்போது உறுதியாகிறது. முந்தைய பதிவில் சொன்ன வால்நட்சத்திரத்தை அடித்துவிடவும்.

கூட்டைச் சுரண்டி எறிந்தால் கதை முடிந்தது. ஒரு நிமிஷ வேலை. காலையில் செய்யலாம்.

நாள் 226. 08:15

ஒலிப்பதிவு.

"மாப்ள, இங்க குளவி வந்திருக்கு. கூடு கட்டுது."

"நாப்பது லட்சம் குளவிய வச்சிருக்கீய. கூடு கட்டாம அடுக்குமாடியா கட்டும்?"

"அது வேறடே, இது வேற. இது அதப் புடிச்சுக் கொல்லுது."

"குளவியக் குளவி கொல்லுதாக்கும். எத்தன போச்சு?"

"ஆயிரத்துக்கு மேல."

"அப்ப நூறு. போனாப் போகுது மாமா. இந்தா, வடிவு பேசணுங்கா."

"மாமா? கூடுன்னு காதுல விழுந்துச்சே. மண் கூடா?"

"ஆமா தாயி."

"செம்மண்ணா, கரிசலா?"

"பாத்தி மண்ணு. கறுப்பு."

"அப்ப பொம்பளப்புள்ள!" அவள் சிரிப்பு வானொலியில் கரகரவென்று வந்தது. "எங்க மாமா இருக்குற எடத்துல குளவி கூடு கட்டிருக்குன்னு இங்க எல்லார்ட்டயும் சொல்லப்போறேன். குளவி மண் கூடு கட்டுனா புள்ள தங்கும்பாவ. மாமா, அதக் கலைச்சிராதீய."

"வடிவு..."

"புள்ள பொறக்குற வரைக்கும் அதுல கை வைக்கக் கூடாது. சத்தியம் பண்ணுங்க."

"நீ படிச்சவல்லா. இதெல்லாம் போயி..."

"மொத ரெண்டு தடவையும் படிச்சவளாத்தான் மாமா இருந்தேன்."

சத்தியம் பண்ணினேன்.

சுரண்டியைக் கையில் எடுத்துக்கொண்டு தொட்டிக்குப் பின்னால் போனேன். பத்து நிமிஷம் நின்றேன். சுரண்டியை ஆணியில் திரும்ப மாட்டினேன். 'நாம்' என்று எழுத இன்றைக்கு வரவில்லை. விட்டுவிடுகிறேன்.

நாள் 231. 11:00

கூட்டில் கை வைக்க மாட்டேன் என்றுதான் சத்தியம். குளவியின் மேல் கை வைக்க மாட்டேன் என்று சொல்லவில்லையே. செருப்பைக் கழற்றினேன். மூன்று நாள் யுத்தம். எதிரி சேனை மூன்று கோடி, நான் தனி ஆள், வலது கால் செருப்பு அறுந்ததும் இடது கால் செருப்பு.

முடிவில் பிணங்களைப் பரப்பி இறக்கைகளை எண்ணினேன். விழுந்தது அறுபத்தொன்று. நாலு இறக்கை பதினேழு. இரண்டு இறக்கை நாற்பத்து நாலு.

முப்பது வருஷம் பூச்சி படித்தவன். பறக்கும்போது எனக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அவ்வளவு நன்றாக நடித்திருக்கிறது, பாவி.

கடுகுத் தண்டில் அசுவினி ஏறத் தொடங்கியிருக்கிறது. தின்ன ஈப்புழு இல்லை.

நாள் 238. 09:50

புதுக் கூடுகள் முப்பத்தாறு. வீரர்கள் தொள்ளாயிரம். தேரியிலிருந்து ஓடம் நாளைக்குக் கிளம்புகிறது. புயலுக்கு முன் கடைசி ஓடம். குளிர்ப்பெட்டி டப்பாவில் ஆறாயிரம் கூட்டுப்புழு தூங்குகிறது. அது வந்தால் தப்பிக்கலாம். உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவெடுத்தேன். எனக்குப் பழக்கமில்லாத வேலை.

"மாப்ள, நல்லாக் கேளு. சிரிக்காத. நான் வளக்குறது குளவி இல்ல. ஈ."

"சிரிக்கல, சொல்லுங்க."

"படிவத்துல ஈன்னு எழுதினா தள்ளிவிட்டாவ. அதனால குளவின்னு எழுதினேன். இப்ப நிஜக் குளவி வந்து ஈயப் பூராத் தின்னுட்டு. கொஞ்ச நாள்ல ஒண்ணும் இருக்காது. வெத இருக்காது. வெளங்குதா?"

"மாமா, இது நல்லாருக்கு. முள்ளங்கியவிட நல்லாருக்கு."

"டேய், உன் புள்ள மேல சத்தியமாச் சொல்லுதேன்."

அந்தப் பக்கம் சிரிப்பு நின்றது.

"எதுக்கு மாமா புள்ளய இழுக்கீய? இப்ப என்ன வேணும்?"

"குளிர்ப்பெட்டி டப்பா. நாளைக்கு ஓடத்துல ஏத்து."

"எந்த டப்பா? ஈன்னு ஒண்ணும் இங்க இல்லையே."

"குளவின்னு எழுதியிருக்கும்டே!"

"அதுவா..." இழுத்தான். "அத மீனுக்குப் போட்டாச்சே மாமா. நீங்கதான சொன்னீய."

"அதப் பத்தால வகுக்கலையாடே நீ?"

"நீங்க சொன்னதுல அது ஒண்ணுதான் மாமா செய்ய முடிஞ்சதா இருந்துச்சு. கமிட்டிக்கு ஒரே சந்தோஷம்."

மீன்கள் நன்றாகக் கொழுத்திருக்கின்றனவாம்.

நாள் 239. 16:20

இன்றைக்கும் சுரண்டியை எடுத்தேன். முப்பத்தாறும் தொட்டிக்குப் பின்னால் ஒரே சுவரில், ஒன்றை ஒட்டி ஒன்று. எந்தக் கூட்டுக்குச் சத்தியம் பண்ணினேன், எதற்குப் பண்ணவில்லை? முதல் கூட்டை மட்டும் விட்டுவிட்டு மற்றதைச் சுரண்டலாம் என்று ஒரு வக்கீல் புத்தி வந்தது. கூடு என்றால் கூடுதான் என்று வடிவின் குரல் வந்தது. எனக்குள்ளேதான் வந்தது, வானொலியில் அல்ல.

எழுத வெட்கமாக இருக்கிறது. ஒரு தட்டில் இருநூற்றுப் பன்னிரண்டு பேர். இன்னொரு தட்டில் இன்னும் பிறக்காத ஒருத்தி. நான் சுரண்டியை மாட்டிவிட்டேன்.

நாள் 251. 13:00

உன்னிடம் சொல்லவேண்டிய ஒரு காட்சி.

மஞ்சள் மழைக்கோட்டில் கறுப்பு டேப்பை வரிவரியாக ஒட்டிக்கொண்டேன். தாடியைக் கத்தரித்துக் குச்சியில் கட்டித் தூரிகை செய்தேன். பாத்தி பாத்தியாகப் போய், பூ பூவாகத் தொட்டு, அடுத்த பூவில் உதறுகிறேன். ஈ குளவி வேஷம் கட்டியது. குளவி என்று பெயர் வாங்கிய ஈயின் வேஷத்தை நான் கட்டியிருக்கிறேன். கோட்டு எதற்கு என்று கேட்காதே. ரீங்காரம்கூடப் போட்டுப் பார்த்தேன். இரண்டு குளவிகள் வந்து முகத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, தூக்க முடியாது என்று போய்விட்டன.

ஒரு கேரட் தண்டில் குடை மாதிரி விரியும் கொத்தில் ஆயிரம் பூ. ஒரு பாத்தியில் நானூறு தண்டு. நாளுக்குப் பதினெட்டு மணி நேரம். நேற்று இரண்டு தண்டு முடித்தேன்.

இது மிகை இல்லை. வகுக்காதே.

நாள் 263. 05:30

ஈக்கள் ஒன்பது. பெயர் வைக்கலாம் என்று நினைத்தேன். வைக்கவில்லை.

அசுவினியின் பிசுபிசுப்பு இலையெல்லாம் வழிகிறது. தரையில் கால் ஒட்டுகிறது. வெங்காயப் பூ திறந்து நின்று, யாரும் வராமல் காய்ந்து உதிர்கிறது. சத்தமே இல்லை. இங்கே வந்த நாளிலிருந்து அந்த ரீங்காரம் காதில் இருந்தது. நின்ற பிறகுதான் அது இருந்தது தெரிகிறது.

குளவிகளும் குறைகின்றன. தின்ன ஈ இல்லை. தன் வயிற்றில் தானே மண் போட்டுக்கொண்டது.

நானும்தான்.

நாள் 264. 05:30

நாலு. விரல்கள் மடங்க மறுக்கின்றன. தூரிகை பிடிக்க மு

நாள் 270. 10:10

விதைப் பேழையை இறக்கினேன். புழுதிப் புயல் தேரியைத் தொட்டுவிட்டது. ஒலிப்பதிவு, இடையிடையே அறுந்து:

"மாமா, பேழை வந்துட்டு. லேசா இருக்கே. மிச்சம் பொறகு வருதா?"

"அவ்வளவுதான் மாப்ள. மூணு கிலோ நானூறு கிராம்."

"பத்தால..." என்று தொடங்கி நிறுத்தினான். பழக்க தோஷம். அவன் கணக்குப் போடுவது எனக்குத் தெரிந்தது. இருநூறு கிலோவுக்கு மூணு கிலோ. இருநூற்றுப் பன்னிரண்டு பேருக்கு எத்தனை பேர்.

"நெசமாவே ஈயா மாமா?"

"ஈதான்டே."

"நான்தான் கமிட்டியில எல்லாரையும் சிரிக்க வச்சேன்." இரைச்சல். "நீங்க சொன்னத நடிச்சுக் காட்டி..."

அறுந்தது. பதினைந்து நிமிஷம் கழித்து மறுபடி. இப்போது வடிவு. அவளுக்கு யாரும் இன்னும் எதையும் சொல்லவில்லை. குரலிலேயே தெரிந்தது.

"மாமா, உதைக்குது! கேக்குதா? இப்பக்கூட... கூடு இருக்கா மாமா?"

"இருக்கு தாயி."

"பத்திரமா?"

"நாப்பது லட்சம் இருக்கு."

அவள் சிரித்தாள். அதோடு போய்விட்டது. ஐந்து மாதத்துக்கு இனிச் சத்தம் வராது.

நாள் 274. 06:10

வழக்கமான விவரம். சுழற்சி சீர். வெப்பம் 27. ஈரப்பதம் 68. பூத்த பாத்திகள் பதினெட்டு. சேனை பலம்: இல்லை.

இதைக் கண்டெடுப்பவரே, ஒரு வேண்டுகோள். நீங்கள் தேரிக்காரராக இருந்தால், அங்கே வடிவு என்று ஒருத்தியும் அவள் மகளும் இருந்தால், இந்தப் பதிவேட்டை அவர்களிடம் காட்டாதீர்கள். காட்டித்தான் ஆக வேண்டும் என்றால், சங்கரபாண்டி மாமா மகா புளுகன், ஒரு வரியைக்கூட நம்பாதே என்று சொல்லிக் கொடுங்கள். விதை ஏன் இறங்கவில்லை என்று அந்தப் பெண் கேட்டால் வால்நட்சத்திரத்தைச் சொல்லுங்கள். சூரியனைச் சொல்லுங்கள். மூன்று கோடிக் குளவியோடு ஒரு கிழவன் செருப்பை வைத்துக்கொண்டு போராடியதைச் சொல்லுங்கள். சிரிப்பாள். அவள் அம்மா கூட்டைக் காப்பாற்றச் சொன்னாள் என்பதை மட்டும் சொல்லாதீர்கள். அவள் கேட்டது ஒரு மாமனிடம். மறுத்திருக்க வேண்டியது மகரந்தப் பொறுப்பாளர், ஒருவர்.

எல்லாம் பொய்யாகவே இருக்கட்டும். ஒரு சின்ன விஷயம் மட்டும் நிஜம். இதுவரை எழுதாதது.

குளவி எங்கிருந்தும் வரவில்லை. பூமியை விட்டுக் கிளம்பிய அன்று, அக்காள் வீட்டு மோட்டார் அறைச் சுவரிலிருந்து கட்டைவிரல் பருமனில் ஒரு கரிசல் கூட்டைப் பெயர்த்து, காலுறையில் சுற்றி, ஷூவுக்குள் வைத்துக் கொண்டுவந்தேன். வடிவுக்கு இரண்டாவதும் தங்கவில்லை என்று சேதி வந்த வாரம் அது. தேரியில் இறங்கி அவள் அறைச் சுவரில் ஒட்டத்தான் நினைத்தேன். நேரே இங்கே ஏற்றிவிட்டார்கள். தொட்டிக்குப் பின்னால் குளிரில் ஒட்டினேன். நாலு மாதத்தில் அவள் முழுகாமல் இருக்கிறாள் என்று சேதி வந்தது.

அந்தக் கூட்டில் ஒன்பது அறை. ஐந்தில் ஓட்டை விழுந்திருந்தது. நாலு மூடியிருந்தது. பெயர்க்கும்போதே பார்த்தேன். ஒவ்வொன்றாக விரலால் தட்டியும் பார்த்தேன். உள்ளே கனம் இருந்தது.

காலிக் கூட்டுக்குப் பலன் இருக்காதே என்றுதான் எடுத்துவந்தேன்.